மூன்று அங்குலத்துக்கு ஓர் ஊதல்

மூன்று அங்குலம் அறுப்பார், ஒரு முறை ஊதுவார். மறுபடி மூன்று அங்குலம், மறுபடி ஓர் ஊதல். கன்னத்தை உப்பவைத்து, உதட்டைக் குவித்து, தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்து என் அத்தை விடும் அந்தக் காற்றில், பென்சில் கோட்டின் மேல் குவிந்திருந்த மரத்தூள் பறந்துபோகும். கோடு தெரியும். கை நகரும். பேசிக்கொண்டே அறுத்தாலும் கணக்குத் தப்பாது. “நேத்து மூணாவது வீட்டம்மாவைப் பாத்தேன்டி, என்னமா எளச்சு... ஃபூ... போயிட்டாங்க! கேட்டா, மாடிப்படி ஏறி எறங்கியே... ஃபூ... எளச்சாங்களாம். நானுந்தான் ஏறி எறங்குறேன்.”

அறுக்கும் மிஷினை விட்டு எழுந்த பிறகும் இந்தப் பழக்கம் அவரை விடுவதில்லை. பூட்டில் சாவி நுழைக்கும் முன் ஊதுவார். பேருந்து இருக்கையில் உட்காரும் முன் ஊதுவார். செய்தித்தாளைப் பிரிக்கும் முன் ஊதுவார். நான் என் பட்டச் சான்றிதழைக் கொண்டுபோய்க் காட்டிய அன்று, அதை இரண்டு கையாலும் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, முதல் வேலையாக அதன் மேல் ஒரு ஃபூ விட்டார். எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு தாள் வீட்டுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, “நல்லா இருக்கு. ஓரம் நேரா வெட்டியிருக்காங்க” என்றார். சான்றிதழைப் பற்றி இதுவரை எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் நான் முழுசாக நம்புவது இதை மட்டுந்தான்.

அத்தை வைத்திருப்பது ஸ்க்ரோல் சா. பார்ப்பதற்குத் தையல் மிஷினின் ஒன்றுவிட்ட தம்பிபோல இருக்கும். ஊசி இருக்கவேண்டிய இடத்தில் நூல் பருமனுக்குப் பல்வைத்த ஒரு பிளேடு. மேலே நீண்ட ஓர் இரும்புக் கை அதன் மேல்முனையைப் பிடித்திருக்கும். அது நின்ற இடத்திலேயே மேலும் கீழும் ஓடும். பலகையைத்தான் நாம் திருப்பித் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதில் அத்தை சின்னக் குழந்தைகள் சேர்த்து விளையாடும் மரப் புதிர்கள் செய்கிறார். ஒரு பலகையில் யானை, ஒன்றில் மீன், ஒன்றில் குஞ்சுகளோடு கோழி. ஒவ்வொன்றும் பத்துப் பன்னிரண்டு துண்டு. கோட்டை விட்டு மயிரிழை விலகினாலும் பக்கத்துத் துண்டு உட்காராது. ஆனால் பிளேடு அறுக்க அறுக்கத் தூள் வந்து அந்தக் கோட்டைத்தான் மூடும். தூளை விரட்ட மிஷினோடு ஒரு காற்றுக்குழாய் வைத்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் பயன்படுத்தித் தள்ளிய மிஷின் அது. அத்தையின் கைக்கு வரும் முன்பே அந்தக் குழாய்க்கு ஆயுசு முடிந்துவிட்டது. “அது ஊதுனா எறும்புகூடத் திரும்பிப் பாக்காது. அதான் நானே ஊதிக்கிறேன்” என்பார்.

மரங்களை அத்தை பெயர் சொல்லிப் பிரிப்பதில்லை. ஊதினால் என்ன ஆகிறது என்பதுதான் கணக்கு. “இது பறக்குற மரம். இது ஒட்டுற மரம். அந்தா மூலையில இருக்கே, அது மொறைக்கிற மரம். எவ்ளோ ஊதினாலும் நின்ன எடத்துல நின்னு மொறைக்கும்.” பலகைக் கடைக்காரரிடமும் இப்படித்தான் கேட்பார். அவரும் இப்போது மறுபேச்சுப் பேசாமல் எடுத்துத் தருகிறார்.

மாமா தையற்காரர். இருவரும் வேலை செய்வது ஒரே அறையில். சன்னல் பக்கம் மாமாவின் மிஷின், சுவர்ப் பக்கம் அத்தையின் மிஷின், நடுவில் துணி வெட்டும் மேசை. அத்தை தலை சாய்த்து ஊதும் இடப்பக்கம் எதுவோ, அதுதான் மாமாவின் பக்கம். படிப்பு முடிந்து வேலை தேடும் இந்த நான்கு மாதமாக மதிய நேரங்களில் நான் அங்கேதான் இருக்கிறேன். வீட்டில் இருந்தால் வருகிறவர் போகிறவரெல்லாம் “அடுத்து என்ன?” என்கிறார்கள். இங்கே இரண்டு மிஷின்களும் ஓடுகிற சத்தத்தில் யார் கேட்டாலும் எனக்குக் காதில் விழாது. மாமா எனக்கு வைத்திருக்கும் பெயர் டிகிரி. “வாம்மா டிகிரி, அந்தக் கத்திரிய எடு” என்பார். கேலியா பெருமையா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

காக்கியும் சாம்பலும் தைத்துக்கொண்டிருந்தவரை தூளால் யாருக்கும் தொல்லையில்லை. மாமா துணியை ஒரு தட்டுத் தட்டுவார், முடிந்தது. போன மாதம் ஒரு மருத்துவமனையிலிருந்து நாற்பது வெள்ளைக் கோட்டுக்கு ஆர்டர் வந்தது. அன்றைக்கே மாமா சட்டம் போட்டுவிட்டார்.

“இந்தா பாரு. சனிக்கிழமை வெள்ளைத் துணி வருது. போடப்போறது டாக்டருங்க. ஒரு தூள், ஒரே ஒரு தூள் அதுல விழுந்துச்சு, உன் மிஷின் உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடும்.”

“போகட்டுமே. விழுந்தாத்தானே?”

“நீ ஊதுற ஊதுக்கு மேகமே நகந்துரும். தூள் நகராதா?”

“நான் இனிமே ஊதலங்க. வேற வழி பாத்துக்கறேன். சரியா?”

“சொன்ன சொல்லு?”

“சொன்ன சொல்லு.”

அண்ணன் வீடு என்றால் எங்கள் வீடு. நான்காம் மாடியில் இரண்டு அறை, ஐந்து பேர். மிஷின் அங்கே வந்தால் கட்டிலுக்கு அடியில் படுக்க வேண்டியதுதான், ஓட்ட இடம் கிடையாது. ஒரு தடவை போனால் திரும்பாது என்பது அத்தைக்கு நன்றாகத் தெரியும். அன்று சாயங்காலம் ஒரு துண்டை மணல்தாளில் தேய்த்துக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்: “பதினெட்டு வருஷம் இவரு தச்ச சட்டைக்கெல்லாம் நாந்தான் காஜா எடுத்துப் பட்டன் தச்சேன். சட்டை நல்லா இருக்குன்னு ஆயிரம் பேரு சொல்லியிருக்காங்க. பட்டன் நல்லா இருக்குன்னு ஒருத்தராவது சொல்லியிருக்காங்களா? போன வாரம் நான் புதிர் குடுக்குற பள்ளிக்கூடத்துல ஒரு வாண்டு என்னைப் பாத்து, ‘நீங்கதான் கோழி ஆன்ட்டியா?’ன்னுச்சுடி.” துண்டின் மேல் ஊதப்போனவர், நினைவு வந்து, உதட்டை உள்ளே மடித்துக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்க அந்த அறையில் ஆராய்ச்சி நடந்தது. முதலில் ஒரு நீளமான பிளாஸ்டிக் குழாய். ஒரு முனை அத்தையின் பல்லிடுக்கில், மறுமுனை பிளேடுக்குப் பக்கத்தில் ஒரு கம்பியில் கட்டி, சுவரைப் பார்த்துத் திருப்பியிருந்தது. ஊதினால் தூள் சுவரோடு போயிற்று. ஆனால் வாயில் குழாய் இருந்ததால் அத்தையால் பேச முடியவில்லை. ஒரு மணி நேரம் அறையில் மிஷின் சத்தம் மட்டுந்தான். மாமா தைப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “இந்த வழி எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. மாத்தவே மாத்தாத.” அடுத்த நிமிடம் குழாய் சன்னல் வழியாக வெளியே போயிற்று.

பிறகு பழைய சைக்கிள் ஹாரனின் ரப்பர் உருண்டை வந்தது. அதைக் காலுக்கு அடியில் வைத்து மிதித்தால் காற்று வரும், வாயும் சும்மா இருக்கும். நல்ல யோசனைதான். ஹாரனுக்குள் இருக்கும் பீப்பியைக் கழற்றத்தான் மறந்துவிட்டோம். அத்தை மூன்று அங்குலம் அறுத்து முதல் மிதி மிதித்தார். பாம்! மாமாவின் ஊசி தடம்மாறியது. கீழ்வீட்டுக்காரர், யாரோ வந்துவிட்டார்கள் என்று நினைத்து, வாசல் கேட்டைத் திறந்துவிட்டு, யாரையும் காணாமல் சாத்திவிட்டுப் போனார். பீப்பியைக் கழற்றிய பிறகும் அது சரிப்படவில்லை. காலால் தாளம் போட்டால் கையும் கூடவே துள்ளியது. அன்று அறுத்த மீனுக்கு வால் கொஞ்சம் பதற்றமாகவே வந்தது.

முடி உலர்த்தும் கருவியை நான்தான் கொண்டுபோனேன். அது தூளை மட்டும் விரட்டவில்லை. பென்சிலால் வரைந்து பலகையில் ஒட்டியிருந்த கோழிப் படத்தின் பசையை இளக்கி, படத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. “கோழி பறக்காதுன்னு சொன்னது யாரு?” என்றார் மாமா. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் இயற்பியல் படித்தவள். காற்றழுத்தத்தைப் பற்றிப் பதினாறு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள். கைப்பிடித் தூளை ஒரு கோட்டின் மேலிருந்து நகர்த்த வழி தெரியவில்லை. நான் படித்தது எந்தக் காற்றைப் பற்றி என்று அன்று வீடு திரும்பும்போது யோசித்துக்கொண்டே போனேன்.

வழி கண்டுபிடித்தது அத்தைதான். மாடிவீட்டில் மீன் வளர்த்து அலுத்துப்போய், தொட்டியைக் காலி செய்து வைத்திருந்தார்கள். அதிலிருந்த காற்று மோட்டாரைக் கேட்டு வாங்கிவந்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய சாமான். ஓடுகிற சத்தமே கேட்காது. அதன் மெல்லிய ட்யூபின் நுனியில் காலியான பேனா ரீஃபிலைச் செருகி, பிளேடுக்கு அரை அங்குலம் முன்னால் நிறுத்தினார். விடாமல், அவசரப்படாமல், சின்னக் குழந்தை தூக்கத்தில் மூச்சு விடுகிற மாதிரி அது ஊதியது. கோடு பளிச்சென்று தெரிந்தது. “மீனுக்கே மூச்சு குடுத்தது, எனக்குக் குடுக்காதா?” என்று சொல்லிவிட்டு, ஒரு முழு யானையை ஓர் ஊதல்கூட இல்லாமல் அறுத்து முடித்தார்.

மாமா எழுந்து வந்து பார்த்தார். மேசையை விரலால் தடவினார். விரலை அத்தையிடம் காட்டினார். “கோடு சுத்தமா இருக்கு. தூள் எங்க போச்சு? இங்கதான் வந்து உக்காந்திருக்கு.”

கோட்டை விட்டுத் தூள் போனால் போதும் என்று நாங்கள் இருவரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அது எங்கே போகிறது என்று நினைத்தவர் அவர் ஒருவர்தான்.

சனிக்கிழமை வெள்ளைத் துணி வந்தது. அத்தை மிஷினைத் தொடவில்லை. ஞாயிறும் திங்களும் மாமா வெட்டினார். தெருத் தூசிக்குப் பயந்து சன்னலைச் சாத்தி, வெட்டிய துண்டுகளை அடுக்கி, மேலே ஒரு பழைய போர்வையைப் போர்த்தியிருந்தார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போர்வையைத் தூக்கி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். அத்தையின் பள்ளிக்கூடக் கோழியோ பாதி அறுத்தபடி நின்றது. புதன்கிழமை கொடுத்தாக வேண்டும்.

செவ்வாய் மதியம் நான் வேக்குவம் க்ளீனரோடு போனேன். அதுவும் மாடிவீட்டில் கேட்டு வாங்கியதுதான். திட்டம் இதுதான்: மீன் மோட்டார் இந்தப் பக்கமிருந்து ஊதும், வேக்குவம் அந்தப் பக்கமிருந்து உறிஞ்சும். தூளுக்கு வேறு போக்கிடம் இல்லை. படம்கூட வரைந்து அம்புக்குறி போட்டிருந்தேன். மாமா பட்டன் வாங்கக் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நிறம் பார்ப்பதற்காகப் போர்வையை ஒதுக்கி ஒரு துண்டுத் துணியை எடுத்துக்கொண்டு போனார்.

“அவரு வர்றதுக்குள்ள முடிச்சிடலாமாடி?”

“தாராளமா, அத்தை.”

“சரி. ஊதுற சங்க ஊதுவோம்.”

பத்து நிமிடம் அதைப்போல அழகான காட்சியை நான் பார்த்ததில்லை. தூள் எழும்பும், வளையும், குழாய்க்குள் மறையும். மேசையில் ஒரு பொட்டுகூட இல்லை. அத்தையின் உதடு பழக்கதோஷத்தில் அவ்வப்போது குவிந்து, ஊத எதுவும் இல்லாமல் சும்மா விரிந்தது. கோழியின் இறக்கை முடிந்தது. கால் முடிந்தது. கடைசிக் குஞ்சு பலகையை விட்டுப் பிரிந்தது. கட்டைவிரல் நகத்தளவு குஞ்சு. டடக் என்று ஒரு சத்தம். குஞ்சைக் காணோம்.

“ஐயோ, முழுங்கிடுச்சுடி!”

வேறு குஞ்சு செய்து வைக்க முடியாது. எல்லாத் துண்டும் ஒரே பலகையில் அறுத்தவை. குஞ்சு போனால் கோழியே போயிற்று. நான் வேக்குவத்தை அணைத்தேன். அதன் வயிற்றைத் திறந்து பையை வெளியே எடுத்தேன். அது நிறைந்திருந்தது. எங்கள் மரத்தூள் கொஞ்சந்தான். மற்றதெல்லாம் மாடிவீட்டு விரிப்பின் ஒரு வருடத் தூசியும், அவர்கள் வீட்டுப் பூனையின் முடியும். குஞ்சு அடியில் இருக்கும் என்று பையைப் பிடித்து ஓர் உதறு உதறினேன். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூட அதை முதலில் நிறுத்தியிருக்கும். நான் பட்டதாரி.

அறைக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு மேகம் சுற்றியது. பிறகு நிதானமாக, இடம் பார்த்து, போர்வை விலகியிருந்த அந்த ஓரத்தில் வெள்ளைத் துணிமேல் இறங்கியது. அத்தை மேசையிடம் ஓடினார். கன்னம் உப்பியது. எந்தத் தூளைக் கண்டாலும் ஊதுகிற அந்த வாயை, அடுத்த கணம், இரண்டு கையாலும் இறுகப் பொத்திக்கொண்டார். ஊதினால் அது அடுக்கின் இடுக்கெல்லாம் போய்விடும். மூச்சையே விடாமல் அப்படியே நின்றார். நான் பார்த்துப் பயந்துபோனேன். மின்விசிறியை அணைத்தது அவர்தான், ஒரு கையால்.

மாமா பட்டன் பொட்டலத்தோடு வாசலில் வந்து நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் செருப்பைக் கழற்றினார். மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அத்தையைப் பார்க்கவில்லை. மேலே இருந்த துண்டை இரண்டு நுனியில் பிடித்துத் தூக்கிக்கொண்டு மாடிப்படிப் பக்கம் போனார். அத்தை அடுத்ததைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார். சாயங்காலம்வரை உதறினோம். உதறியும் போகாத முடிகளைச் செல்லோ டேப்பை விரலில் சுற்றிக்கொண்டு ஒற்றி ஒற்றி எடுத்தோம். கறை எதுவும் இல்லை. ஒரு துண்டும் வீணாகவில்லை. குஞ்சுகூடப் பூனை முடிக்குள் பத்திரமாகக் கிடைத்துவிட்டது. ஆனால் அத்தை கோழியைப் பெட்டியில் அடுக்கிவைத்துவிட்டு, ஸ்க்ரோல் சாவின் பிளக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுருட்டிக் கட்டினார். அப்பாவுக்கு ஃபோன் செய்தது நானில்லை, அவர்தான். “அண்ணே, நாளைக்குக் காலையில உன் வண்டிய எடுத்துட்டு வா. ஒரு சாமான் இருக்கு.”

அப்பா சாமான் ஏற்றும் வண்டி ஓட்டுகிறவர். எதையும் ஏன் என்று கேட்காமல் தூக்குவார். மறுநாள் காலை எட்டு மணிக்கு வந்து, ஸ்க்ரோல் சாவைச் சுற்றி ஒரு முறை நடந்து, கயிற்றை உருவினார். மாமா ஒரு கோட்டுக்குக் காலர் பிடித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“மாப்ள, ஒரு கை குடுங்க. தனியாத் தூக்கினா இடுப்பு போயிடும்.”

“எதைத் தூக்கறீங்க, மச்சான்?”

“இந்த மிஷினத்தான். தங்கச்சி வரச் சொல்லுச்சு.”

தையல் நின்றது. மாமா அத்தையின் பக்கம் திரும்பினார். “எதுக்கு?”

அத்தை சுவரைப் பார்த்துச் சொன்னார்: “சொன்ன சொல்லு. தூள் விழுந்துச்சுல்ல?”

“எங்கேர்ந்து விழுந்துச்சு?”

“எங்கேர்ந்து விழுந்தா என்னங்க? விழுந்துச்சு.”

“அப்படிச் சொன்னா எப்படி? நான் சொன்னது உன் மிஷின்லேர்ந்து விழுற தூள. நேத்து விழுந்தது மாடிவீட்டுப் பையிலேர்ந்து. ராத்திரி பூரா யோசிச்சுப் பாத்தேன். நான் ஒத்தி எடுத்ததுல பாதிக்குமேல பூனை முடி. பூனை என்ன உன் கூடப் பொறந்ததா?” மாமா என்னைக் கை காட்டினார். “பைய ஒதறுனது யாரு? அந்தா நிக்குது, டிகிரி. யாரையாவது வண்டியில ஏத்தணும்னா அதை ஏத்திட்டுப் போங்க, மச்சான்.”

“அது எங்க வீட்டுலதான மாப்ள இருக்கு. மறுபடி எங்க ஏத்துறது?” என்றார் அப்பா, நிஜமாகவே குழம்பி.

நான் சிரித்துவிட்டேன். நான் படித்த படிப்பு ஒருவருக்காவது உபயோகப்பட்டது அன்றைக்குத்தான் என்று தோன்றியது. பழியை இறக்கிவைக்க அந்த வீட்டில் ஒரு பட்டதாரி தேவைப்பட்டிருக்கிறாள். நான் தாராளமாகத் தலையைக் கொடுத்தேன். “ஆமா மாமா, தப்பு என்னோடதுதான்.”

அத்தை சிரிக்கவில்லை. “இன்னைக்குப் பூனை. நாளைக்கு நெசமாவே என் தூள் விழும். மீன் மோட்டார் கோட்டத்தான் காட்டும், தூளப் புடிக்காது. வெள்ளைக்குப் பக்கத்துல இது இருக்கக் கூடாதுங்க. நீங்க சொன்னது சரி. அண்ணே, தூக்கு.”

அப்பா குனிந்தார். மாமா எழுந்து வந்தார். மிஷினைத் தூக்கக் கை கொடுக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் மிஷினுக்கு முன்னால் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்தார். கழுத்தில் கிடந்த அளவு நாடாவை உருவி, பலகை வைக்கும் தட்டைச் சுற்றி ஓட்டினார்.

“நாப்பத்தி நாலு” என்றார். “டிகிரி, எழுதிக்க. கீழ கால்வரைக்கும் எறக்கம் இருபத்தெட்டு. சுருக்கு வெச்சு, அடியில நாடா கட்டுற மாதிரி ஒரு பாவாடை. வெட்டுல மிஞ்சின வெள்ளையே போதும், அதுல விழுந்தா எனக்கும் கண்ணுக்குத் தெரியும். பின்னால, மோட்டார் ஊதுற எடத்துக்கு நேரா, வாய் தெறந்த மாதிரி ஒரு பை. ஊதுற தூள் அதுக்குள்ள போயி உக்காரட்டும். பைய கழட்டி வெளிய போயி ஒதறணும். வெளிய. காதுல விழுதா?”

“விழுது மாமா.”

“தோள்கிட்ட அளவு எட்டல. இந்தக் கை தடுக்குது.”

அத்தை சுவரை விட்டு வந்தார். பிளேடின் மேல்முனையைத் தளர்த்தி விடுவித்தார். பிறகு குனிந்து, ஸ்க்ரோல் சாவின் அந்த நீண்ட கையை, மாமா அளவெடுத்து முடிக்கும்வரை, இரண்டு விரலால் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.